ஹெரால்டு காரின் பின் ஆக்ஸிலை ஏன் மாற்றினார்கள்?

காமயகவுண்டன்பட்டியின் கெட்டிக்காரத் தம்பியே, தங்கையே!

ஜீப் உனக்குப் புதிது இல்லை. விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தே வளர்கிற பிள்ளை நீ. ஜீப்பை முன்னால் நின்று பார்த்திருப்பாய். பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய். என்றைக்காவது பின்னால் நின்று, குனிந்து, அதன் அடியைப் பார்த்திருக்கிறாயா?

பார்க்கப் போகிறாய் என்றால் ஒரு நிபந்தனை. நிறுத்தி வைத்திருக்கிற வண்டியை மட்டும் பார். டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பார். வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே. தள்ளி நின்று குனிந்தாலே போதும்.

என்ன தெரிகிறது? இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரைக்கும் ஒரு தடித்த இரும்புக் குழாய். அதன் நடுவில் உப்பலாக ஒரு பெட்டி.

“அது என்ன மாமா?” என்று கேட்டுவிட்டாயா? சபாஷ்! இத்தனை பேர் அந்த ஜீப்பில் ஏறி இறங்குகிறார்கள். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

குழாயும் பெட்டியும் சேர்ந்ததுதான் பின் ஆக்ஸில். நடுப்பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கரங்களை மெக்கானிக் அண்ணன்கள் கிரவுன் என்றும் பினியன் என்றும் சொல்வார்கள்.

இன்றைக்கு உனக்கு ஒரு காரின் கதை சொல்கிறேன். சென்னையில் தயாரான கார் அது. பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பார்க்க அழகு. ஆனால் அதைத் தயாரித்த கம்பெனியே பிறகு அதன் பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, வேறு வகை ஆக்ஸிலைப் போட்டது. இன்ஜின் என்னவோ பழைய இன்ஜின்தான். ஆக்ஸில் மட்டும் வேறு.

இன்ஜினை விட்டுவிட்டு ஆக்ஸிலை ஏன் மாற்ற வேண்டும்? இது புரிய வேண்டுமானால், ஆக்ஸில் அங்கே படுத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு வேலை, ஒரே ஆள்

முதல் வேலை, திருப்பிவிடுவது. ஜீப்பின் இன்ஜின் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீளமான தண்டு சுழன்றுகொண்டே பின்னால் வருகிறது. அதற்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். அது வண்டியின் நீளவாக்கில் இருக்கிறது. சக்கரங்களை இணைக்கிற தண்டுகளோ குறுக்குவாக்கில் இருக்கின்றன. சுழற்சி ஓரிடத்தில் திரும்பியாக வேண்டும் இல்லையா? பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும், கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரமும் அந்த மூலையில் சந்திக்கின்றன. சின்னது பெரியதைத் தள்ளுகிறது. நீளவாக்கில் வந்த சுழற்சி குறுக்குவாக்குக்குத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது வேலை, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுவது. இதற்கும் ஜீப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஜீப்புகளை, உரிமம் பெற்று நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் பூட்டத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல்.

எங்கே, 43-ஐ 8-ஆல் வகு பார்க்கலாம். 5.375 வருகிறதா? பினியன் 5.375 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று அர்த்தம். இந்த எண்ணைத்தான் பட்டறையில் ‘ரேஷியோ’ என்கிறார்கள்.

இது எதற்கு என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வை. டாப் கியரில் இன்ஜின் சுற்றுகிற அதே வேகத்தில்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சுற்றும். ஜீப் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். நடுவில் கிரவுனும் பினியனும் இல்லாமல் சக்கரமும் 3000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 6600 மீட்டர். மணிக்கு 396 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் ஜீப் போக முடியுமா? இன்ஜினுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. வண்டி நகரக்கூட முடியாமல் நின்றுவிடும். 5.375-ஆல் வகுத்துவிட்டால் வேகம் மணிக்கு 74 கிலோமீட்டருக்கு வந்துவிடுகிறது. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, திருகுகிற விசை கிட்டத்தட்ட அத்தனை மடங்கு கூடிவிடுகிறது.

மூன்றாவது வேலைதான் கொஞ்சம் தந்திரமானது. வளைவில் திரும்பும்போது இரண்டு பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. குடியரசு தினத்தில் உன் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு நடந்திருக்குமே! நான்கு பேர் ஒரு வரிசை. வரிசை மூலையில் திரும்பும்போது உள்பக்கம் இருப்பவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறான். வெளிப்பக்கம் இருப்பவன் எட்டி எட்டி நடக்கிறான். அப்படி நடந்தால்தான் வரிசை கலையாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால், இருவரும் ஒரே அளவு காலடி வைத்துத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடும். டயர் தரையில் தேய்ந்து இழுபடும்.

அதனால் கிரவுனுக்குள் இன்னும் சில சின்னப் பல்சக்கரங்களை வைத்தார்கள். ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அது இழந்த சுற்றை அடுத்த சக்கரத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. பெயர் டிஃபரன்ஷியல். 1827-இல் பிரான்ஸ் நாட்டில் ஒனெசிஃபோர் பெக்கேர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கடிகாரம் செய்கிறவர். சின்னப் பல்சக்கரங்களோடு பழகிய கை!

நான்காவது வேலை, சுமப்பது. வண்டியின் பின்பாதி எடை, ஏறியிருக்கிற ஆட்கள், மூட்டை எல்லாம் ஸ்பிரிங் பட்டைகள் வழியாக ஆக்ஸில் மேல்தான் உட்காருகின்றன. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது விழுகிற அடியும் அதற்குத்தான்.

திருப்புவது, விசையைக் கூட்டுவது, பிரித்துக் கொடுப்பது, சுமப்பது. நான்கையும் விரல் விட்டுச் சொல்லிப் பார். சொல்லிவிட்டாயா? இனி கதைக்குப் போகலாம்.

கோவென்ட்ரியிலிருந்து வண்டலூர்

1959. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊர். ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் என்ற கம்பெனி ‘டிரையம்ஃப் ஹெரால்டு’ என்ற சின்ன காரை வெளியிட்டது. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலொட்டி என்கிற இத்தாலியர். அந்தக் காரில் பல வேடிக்கைகள். முன்பக்க மூடியைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். முன் சக்கரங்கள் அவ்வளவு வளைந்து கொடுப்பதால், சுமார் 7.6 மீட்டர் அகலம் இருந்தால் போதும், கார் ஒரு முழு வட்டம் அடித்துவிடும்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி இருந்தது. 1948-இல் தொடங்கிய கம்பெனி. அது 1961-இல் இதே காரை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. இன்ஜின் 948 சிசி. இன்றைய சின்ன கார் ஒன்றின் இன்ஜின் அளவுதான். நம் ஊர்க் குடும்பங்கள் பெரியவை என்பதால், பிறகு நான்கு கதவு வைத்த ஹெரால்டும் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவு.

ஹெரால்டின் பின்பக்கம்தான் நமக்கு முக்கியம். குனிந்து பார்த்தால் ஜீப்பில் இருக்கிற அந்த நீளமான ஒற்றைக் குழாய் அதில் இருக்காது. கிரவுன் பெட்டி காரின் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டியிருக்கும். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு தண்டு, வலப்பக்கம் ஒரு தண்டு. பெட்டியை ஒட்டி ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு மூட்டு. அந்த மூட்டில் தண்டு மேலும் கீழும் ஊசலாடும். இரண்டு பக்கத்தையும் தாங்க, குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. இடது சக்கரம் கல்லில் ஏறினால் இடது மட்டும் துள்ளும். வலது சக்கரத்துக்கு அந்தச் சேதியே தெரியாது. கனமான கிரவுன் பெட்டியும் சக்கரத்தோடு குதிக்காது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சின்ன கார்களில் இது அபூர்வமான வசதி. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரிலும் பல ஆண்டுகள் ஸ்விங் ஆக்ஸில்தான் இருந்தது.

அப்படியானால் ஏன் மாற்றினார்கள்? அவசரப்படாதே. அதை நீயே கண்டுபிடிக்கப் போகிறாய்.

ஒரு தீப்பெட்டி, இரண்டு பென்சில்

காலியான தீப்பெட்டி ஒன்று எடுத்துக்கொள். ஒரே நீளத்தில் இரண்டு பென்சில் எடுத்துக்கொள். தீப்பெட்டியின் இடப்பக்கம் ஒரு பென்சிலின் முனையையும், வலப்பக்கம் இன்னொன்றின் முனையையும் ஒட்டுத்தாளால் ஒட்டு. இறுக்கி ஒட்டாதே. பென்சில் மேலும் கீழும் ஆடவேண்டும். பென்சில்களின் வெளி முனைகளில் வட்டமாக வெட்டிய அட்டையைக் களிமண் வைத்து நேராக நிறுத்து. அதுதான் சக்கரம். சக்கரம் பென்சிலுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கட்டும்.

இப்போது தீப்பெட்டியைக் கீழே அழுத்து. காரில் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். சக்கரங்கள் என்ன செய்கின்றன? மேல்பக்கம் உள்ளே சாய்கிறது, கீழ்ப்பக்கம் வெளியே விரிகிறது. பார்த்தாயா?

அடுத்து, தீப்பெட்டியை மேலே தூக்கு. இப்போது எல்லாம் தலைகீழ். சக்கரங்களின் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்குகிறது.

இந்த இரண்டு சாய்வும்தான் தொல்லை. பாரம் ஏற்றினால் சக்கரம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும். அந்த விளிம்பு மட்டும் சீக்கிரம் தேயும். இது முதல் தொல்லை. இரண்டாவது தொல்லை இன்னும் மோசம். வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தில் விழுகிற பக்கவாட்டு விசை, காரின் பின்பக்கத்தையே மேலே நெம்பித் தூக்கப் பார்க்கும். தூக்கினால் சக்கரம் உள்ளே மடங்கும். மடங்கினால் டயரின் பிடிமானம் போய்விடும். அமெரிக்காவில் செவ்ரோலே கோர்வேர் என்ற காரிலும் ஸ்விங் ஆக்ஸில் இருந்தது. ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965-இல் எழுதிய புத்தகத்தில் அதன் ஆபத்தைச் சொன்ன பிறகு நாடு முழுக்க விவாதம் நடந்தது.

சரி, பென்சிலை எடுத்துவிட்டு ஒரு நீளமான அளவுகோலை வை. இரண்டு முனையிலும் அதே அட்டைச் சக்கரங்களை நிறுத்து. நடுவில் தீப்பெட்டியை வைத்து அழுத்து. சக்கரம் சாய்கிறதா? சாயவில்லை! அளவுகோலுக்கு நடுவில் மூட்டு இல்லையே. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இரண்டு சக்கரமும் நிமிர்ந்தே நிற்கும்.

ஜீப்பில் நீ பார்த்த ஒற்றைக் குழாய் ஆக்ஸில் இதுதான். இதை லைவ் ஆக்ஸில் என்பார்கள்.

ஒரே நோய், இரண்டு மருந்து

இங்கிலாந்தில் ஹெரால்டின் உடன்பிறப்புகளான வேறு சில டிரையம்ஃப் கார்கள் இருந்தன. அவற்றிலும் இதே ஸ்விங் ஆக்ஸில். அங்கே வளைவில் வேகமாகப் போகும்போது வந்த தொல்லைதான் பெரிது. அதனால் 1968-இல் ஜிடி6, விட்டெஸ் என்ற கார்களில் சக்கரம் மடங்காமல் பிடித்துக்கொள்ளக் கீழே ஒரு கை சேர்த்தார்கள். ரப்பர் வைத்த மூட்டும் போட்டார்கள். 1970-இல் ஸ்பிட்ஃபயர் காருக்கு ஸ்பிரிங் பட்டையே நடுவில் அசைந்து கொடுக்கும்படி செய்தார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் ஒவ்வொன்றும் கூடுதல் பாகம், கூடுதல் மூட்டு.

நம் ஊர் நிலைமை வேறு. அன்றைய ரோடுகளை உன் தாத்தாவிடம் கேட்டுப் பார். பள்ளம், சரளை, மாட்டுவண்டித் தடம். நான்கு பேர் உட்காருகிற காரில் ஏழு பேர். கூரை மேல் பெட்டி படுக்கை. இங்கே சுமையும் அடியும்தான் பெரிய தொல்லை. ரிப்பேர் ஆனால் ஊர்ப் பட்டறையிலேயே சரி செய்ய முடியவேண்டும். ஊசலாடும் அந்தப் பின் ஆக்ஸில் இங்கே கார் வைத்திருந்தவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

சென்னைக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டையே கொஞ்சம் உருமாற்றி ‘ஸ்டாண்டர்டு கெசல்’ என்ற காரைக் கொண்டுவந்தது. அதில் ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு லைவ் ஆக்ஸிலைப் போட்டது. இன்ஜின் அதே 948 சிசி.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும், கண்ணு. இன்ஜினின் பலம் கூடினால்தான் ஆக்ஸிலும் பலமாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கெசல் காரில் இன்ஜின் பலம் கூடவே இல்லை. ஆக்ஸிலைச் சோதிப்பது இன்ஜின் மட்டும் இல்லை. ரோடும் சோதிக்கிறது, சுமையும் சோதிக்கிறது.

இன்னொன்றையும் பார். லைவ் ஆக்ஸில்தான் பழைய முறை. ஸ்விங் ஆக்ஸில் அதற்குப் பின்னால் வந்த முறை. சென்னை இன்ஜினியர்கள் புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார்கள். அது பின்னடைவா? இல்லவே இல்லை. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்தார்கள். இன்ஜினியர் செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

பொருத்தத்துக்கு ஒரு விலையும் உண்டு. லைவ் ஆக்ஸிலில் கிரவுன் பெட்டி முதல் குழாய் வரை எல்லாக் கனமும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்த சக்கரமும் கொஞ்சம் சாயும். சுகம் குறையும். உறுதி வேண்டும் என்று சுகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள்.

‘பலமான’ என்றால் எவ்வளவு?

பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் பின் ஆக்ஸிலை மாற்றுவது உண்டு. பெரிய இன்ஜின் போட்டிருப்பார்கள். அல்லது பழைய ஆக்ஸிலுக்கு உதிரிபாகம் கிடைக்காது. உடனே, “இன்னும் பலமான ஆக்ஸில் போடுவோம்” என்பார்கள். பலத்தை எப்படி அளப்பது?

இன்ஜினின் திருகு விசையை 100 என்று வைத்துக்கொள். முதல் கியர் அதை 3 மடங்காக்கினால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் 300. கிரவுன் அதை 5.375 மடங்காக்கினால் சுமார் 1612. அதை இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு ஆக்ஸில் தண்டிலும் 806. இன்ஜினிலிருந்து புறப்பட்டது 100. கடைசித் தண்டுக்கு வருவது எட்டு மடங்கு! ஆக்ஸில் தண்டு ஏன் அவ்வளவு தடிமன் என்று இப்போது தெரிகிறதா?

தடிமனிலும் ஒரு ரகசியம் உண்டு. 25 மில்லிமீட்டர் தடிமன் தண்டு ஒன்று. அதே இரும்பில் 30 மில்லிமீட்டர் தண்டு ஒன்று. இரண்டாவது எவ்வளவு கூடுதல் பலம்? 30-ஐ 25-ஆல் வகுத்தால் 1.2. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் திருகலைத் தாங்கும் பலத்துக்கு 1.2-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்க வேண்டும். 1.2 × 1.2 × 1.2 = 1.728. நூற்றுக்கு 73 பங்கு கூடிவிட்டது! எடைக்கு இரண்டு முறை பெருக்கினால் போதும். 1.44 வருகிறது. எடை ஏறுவதைவிட வேகமாகப் பலம் ஏறுகிறது. கொஞ்சம் தடித்த தண்டுக்கு மெக்கானிக் அண்ணன் ஏன் ஆசைப்படுகிறார் என்பது இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

பலத்துக்குத் தடிமன் மட்டும் காரணம் இல்லை. பன்னீர் திராட்சை ஏற்ற வருகிற பெரிய லாரி நிற்கும்போது அதன் பின் சக்கரத்தின் நடுவைப் பார். வட்டமாகத் துருத்திக்கொண்டு ஒரு மூடி, அதைச் சுற்றி போல்ட்டுகள். அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் ஆக்ஸில் தண்டை மட்டும் நீளமாக உருவி எடுத்துவிடலாம். சக்கரம் கழன்று விழாது! சுமையைத் தாங்குவது வெளிக்குழாய். தண்டுக்குச் சுழற்றுகிற வேலை மட்டும்தான். பல கார்களில் அப்படி இல்லை. தண்டே சுழற்றவும் வேண்டும், சக்கரத்துப் பக்கம் சுமக்கவும் வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் பலம் கூட்டுகிற ஒரு வழிதான்.

மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

பலமான ஆக்ஸில் ஒன்று கிடைத்துவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் முடிந்ததா? முடியாது, ராசா.

அகலம் சரியாக இருக்க வேண்டும். கூடினால் டயர் மட்கார்டில் உரசும். ஸ்பிரிங் பட்டை உட்காருகிற மேடைகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும். புதிய கிரவுன் பெட்டி பெரிதாக இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும். பினியன் நோக்குகிற கோணம் தவறினால் ஷாஃப்ட் மூட்டுகள் அதிரும். பிரேக் டிரம்முகள் புதிய அளவில் வரும். பின் பிரேக் மட்டும் பலமாகிவிட்டால், சடன் பிரேக் போடும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஹேண்ட் பிரேக் கேபிள், சக்கர போல்ட்டுகளின் இடைவெளி, எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

ரேஷியோ மாறினால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கம்பி சக்கரத்திலிருந்து வருவதில்லை. கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறது. 43-க்கு 8 இருந்த இடத்தில் 39-க்கு 8 போட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.875 சுற்றுச் சுற்றினால் போதும். பாவம், ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. வண்டி 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது 49 என்று காட்டும். வேகம் குறைவு என்று நம்பி டிரைவர் இன்னும் அழுத்துவார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பின் ஆக்ஸிலின் ரேஷியோவை மட்டும் மாற்றிவிட்டு முன் ஆக்ஸிலை அப்படியே விட்டால், முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் ஒரு வேகத்திலும் ஓடப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொண்ட பல்சக்கரங்கள் நொறுங்கும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

சட்டமும் பார்க்கிறது. பதிவுச் சான்றில் எழுதியிருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு. அதனால் பெரிய மாற்றத்துக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஓர் ஆக்ஸில் மாறினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற அத்தனையும் அசைகிறது, பார்த்தாயா? கெட்டிக்கார மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுப்பார்.

உனக்கு ஒரு வேலை

உன் சைக்கிளை எடு. பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணு. பின் சக்கரத்துச் சின்னதையும் எண்ணு. முன்னால் 44, பின்னால் 18 என்று ஏதாவது வரும். இதில் பெரியது சின்னதைச் சுழற்றுகிறது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது.

ஜீப்பில் என்ன நடந்தது? சின்னது பெரியதைச் சுழற்றியது. அங்கே வேகத்தைக் குறைத்தார்கள். சைக்கிளில் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிர்! ஏன்? கொஞ்சம் யோசி. அதற்குள் கீழே படிக்காதே.

யோசித்தாயா? உன் கால் பெடலை நிமிடத்துக்கு 60 முறை சுற்றினாலே அதிகம். ஆனால் மிதிக்கிற மிதி பலமானது. பலம் இருக்கிறது, வேகம் இல்லை. அதனால் சைக்கிள் உன்னிடம் பலத்தை வாங்கிக்கொண்டு வேகத்தைத் தருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற திருகு விசை கொஞ்சம்தான். அதனால் ஆக்ஸில் அதனிடம் வேகத்தை வாங்கிக்கொண்டு பலத்தைத் தருகிறது.

எண்ணி வந்த பற்களை நோட்டில் எழுதி வை. அடுத்து, சுருளி அருவி ரோட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்க வேண்டும் என்றால், பின்னால் 18 பல்லுக்குப் பதில் 22 பல் போடலாமா, 16 பல் போடலாமா? கணக்குப் போடு. உன் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் விடையைச் சொல்லி, ஏன் என்பதையும் நீயே விளக்கிச் சொல்.